வெஸ்லியின் பிரசங்கங்களோடு ஐந்து நாள்: லண்டனிலிருந்து எப்வொர்த் வரை

கிளம்புவதற்கு முந்தைய நாள்

ஜான் வெஸ்லியை (1703–1791) மெதடிஸ்ட் சபையைத் தொடங்கியவர் என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் 1725இல் டீக்கனாகவும் 1728இல் குருவாகவும் இங்கிலாந்து திருச்சபையில் அபிஷேகம் பெற்றவர். சாகும்வரை அந்தத் திருச்சபையின் குருவாகவே இருந்தார். அவருடைய அச்சிட்ட பிரசங்கங்களை அவை பிறந்த இடங்களுக்கே எடுத்துப்போய் வாசிக்க ஐந்து நாள் போதும். லண்டன், ஆக்ஸ்ஃபோர்ட், பிரிஸ்டல், மான்செஸ்டர், எப்வொர்த் என்று ஒரு வட்டமாகச் சுற்றி வரலாம். கடைசி ஊரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ரயில் உண்டு.

பெட்டி கட்டும்முன் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. வெஸ்லி தம் பிரசங்கங்களை 1746, 1748, 1750, 1760 ஆகிய ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். '44 பிரசங்கங்கள்' என்று வழங்குவது இந்த நான்கு தொகுதிகளைத்தான். 1763இல் எழுதிய மாதிரிச் சொத்துப் பத்திரம், மெதடிஸ்ட் ஆலயங்களில் பிரசங்கிப்பவர்கள் இந்த நான்கு தொகுதிகளுக்கும் அவருடைய புதிய ஏற்பாட்டுக் குறிப்புகளுக்கும் மாறான உபதேசம் எதையும் சொல்லக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. ஆகவே அந்த 44க்குச் சட்ட எடையும் உண்டு. 1771இல் வந்த நூல்திரட்டில் எண்ணிக்கை 53 ஆனது. 1787–88இல் எட்டுத் தொகுதிகள் வந்தன. 1829–31இல் தாமஸ் ஜாக்சன் பதிப்பித்த திரட்டில் 141 இருக்கின்றன. ஆல்பர்ட் அவுட்லர் 1984–87இல் பதிப்பித்த நான்கு தொகுதிகளில் 151.

இதனால் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போனால் தடுமாறுவீர்கள். 'பணத்தைப் பயன்படுத்தும் முறை' என்ற பிரசங்கம் 44 கொண்ட பதிப்பில் கடைசி, அதாவது 44ஆவது. ஜாக்சனிலும் அவுட்லரிலும் அது 50ஆவது. தலைப்பையும் ஆதார வசனத்தையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் ஜாக்சன் பதிப்புதான். அதில் வெஸ்லி எழுதாதவையும் கலந்திருக்கின்றன. பூகம்பத்தைப் பற்றிய 1750ஆம் ஆண்டுப் பிரசங்கம் தம்பி சார்ல்ஸுடையது. பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்துவது பற்றியது வில்லியம் டில்லி எழுதியது. கடைசியாக வரும் 141ஆவது ஜான் கேம்போல்டுடையது. பின்னிரண்டும் கலந்ததற்குக் காரணம் உண்டு: இளவயதில் வெஸ்லி பிறருடைய பிரசங்கங்களைத் தம் கையால் நகலெடுத்து வைத்திருந்தார். அவர் மறைந்தபின் கையெழுத்தைப் பார்த்தவர்கள் அவருடையது என்றே அச்சேற்றிவிட்டார்கள். இந்த மூன்றையும் மேற்கோள் காட்டி 'வெஸ்லி சொன்னார்' என்று எழுதும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

மூல அச்சின் படிமங்களில் தேடுபவர்களுக்கு இன்னொன்று. அந்தக் கால ஆங்கில அச்சில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் எஸ் எழுத்து நீண்டு, எஃப் போலவே தெரியும். எஃப்பின் குறுக்குக்கோடு தண்டைத் தாண்டி வலப்பக்கம் போகும். நீண்ட எஸ்ஸில் கோடு இருந்தாலும் இடப்பக்கத்தோடு நின்றுவிடும். கணினி இதைப் பிரித்தறியாமல் பாவம் என்று பொருள்படும் 'சின்' என்ற சொல்லை 'ஃபின்' என்று படித்துவைத்திருக்கும். தேடிக் கிடைக்காவிட்டால் அப்படியும் ஒருமுறை தட்டச்சு செய்து பாருங்கள்.

தேதிகளிலும் கவனம் வேண்டும். 1752 வரை இங்கிலாந்தில் பழைய நாட்காட்டிதான். இன்றைய கணக்குக்கு 11 நாள் பின்தங்கியது. புத்தாண்டும் மார்ச் 25இல்தான் பிறக்கும். அதனால் ஒரே பிப்ரவரி மாதச் சம்பவத்துக்கு ஒரு புத்தகம் 1708 என்றும் இன்னொன்று 1709 என்றும் போடும். இரண்டும் சரியே. கீழே வரும் தேதிகளில் 1752க்கு முந்தையவை பழைய நாட்காட்டிப்படி.

முதல் நாள்: லண்டன்

ஓல்ட் ஸ்ட்ரீட் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி சிட்டி ரோட்டில் சில நிமிடம் தெற்கே நடந்தால் 49ஆம் எண்ணில் வெஸ்லி ஆலயம். அடிக்கல் 1777 ஏப்ரல் 21. திறந்தது 1778 நவம்பர் 1. ஆலயத்தின் அடித்தளத்தில் மெதடிஸ்ட் அருங்காட்சியகம், பக்கத்தில் அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு, பின்புறம் கல்லறை. பார்க்கும் நேரங்கள் ஆராதனையையும் திருமணங்களையும் பொறுத்து மாறும். முந்தின நாளே உறுதிசெய்துகொள்வது நல்லது.

உள்ளே நிற்கும் ஜாஸ்பர் கல் தூண்கள் 1891இல் வைத்தவை. முதலில் இருந்தவை மூன்றாம் ஜார்ஜ் மன்னர் கொடுத்த கப்பல் பாய்மரங்கள். மூன்றடுக்காக இருந்த பிரசங்கபீடத்தின் உயரத்தையும் பிற்பாடு குறைத்துவிட்டார்கள். மேல்மாடங்களைப் பாருங்கள். கீழே இருப்பவர்களுக்கும் மாடத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்துப் பேச அந்த உயரம் தேவைப்பட்டது.

வீட்டில் அவருடைய உடற்பயிற்சி நாற்காலியும் மின்சார இயந்திரமும் இருக்கின்றன. நாற்காலி குதிரைச் சவாரியைப் போலக் குலுங்கும். இயந்திரத்தை வேடிக்கைப் பொருளாகக் கடந்துபோக வேண்டாம். 1747இல் ஏழைகளுக்கான வீட்டு மருத்துவ நூல் ஒன்றையும் 1760இல் மின்சார சிகிச்சை பற்றி ஒரு நூலையும் எழுதியவர் அவர். பிரசங்கத் தொகுதிகளின் வாசகர்களும் இந்த மருத்துவ நூலின் வாசகர்களும் ஒரே மக்கள்தான். 1746 முன்னுரையில், எளிய மக்களுக்கு எளிய உண்மையை எழுதுகிறேன், எளிதில் விளங்காத சொற்களை விலக்கவே பாடுபடுகிறேன் என்கிறார். பிரசங்கங்களுக்குள் போகும்முன் அந்த முன்னுரையை வாசித்துவிடுங்கள். நான்கைந்து பக்கம்தான்.

இங்கே வாசிக்க 'பணத்தைப் பயன்படுத்தும் முறை'. ஆதாரம் லூக்கா 16:9. இயன்றவரை சம்பாதி, இயன்றவரை சேமி, இயன்றவரை கொடு என்ற மூன்று விதிகள் அதில்தான் வருகின்றன. இரண்டாவது விதியைத் தமிழில் 'சேமி' என்று போட்டால் பொருள் கொஞ்சம் சாய்ந்துவிடுகிறது. அவர் சொல்வது பெட்டியில் சேர்த்துவைப்பதை அல்ல. நாவின் ருசிக்கும் பகட்டான உடைக்கும் வீட்டு அலங்காரத்துக்கும் காசை விடாதே என்கிறார். 'சிக்கனமாயிரு' என்றால் நெருங்கி வரும். மூன்றாவது விதிக்கு வராமல் முதல் இரண்டோடு நிற்பவன் ஒன்றும் செய்யாதவனே என்றும் அதே பிரசங்கத்தில் அழுத்திச் சொல்கிறார். படித்துவிட்டுப் பின்புறக் கல்லறைக்குப் போங்கள். தம் உடலை ஆறு ஏழைகள் சுமக்க வேண்டும், அவர்களுக்கு ஆறு பவுன் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்பது அவர் உயிலில் எழுதியது.

சாலையைக் கடந்தால் பன்ஹில் ஃபீல்ட்ஸ் இடுகாடு. தாய் சூசன்னா வெஸ்லி 1742இல் அடக்கமானது இங்கே. ஐந்தாம் நாள் அவரிடம்தான் திரும்ப வருவோம் என்பதால் இங்கே நின்றுவிட்டுப் போவது அவசியம்.

மாலையில் 20 நிமிடம் நடந்தால் ஆல்டர்ஸ்கேட். 1738 மே 24 இரவு தம் இருதயம் விசித்திரமாய் அனல்கொண்டது என்று வெஸ்லி நாட்குறிப்பில் எழுதிய அனுபவம் நடந்த இடம். பழைய லண்டன் அருங்காட்சியக வாசலருகே தீச்சுடர் வடிவில் ஒரு வெண்கல நினைவுச்சின்னம் இருக்கிறது. நாட்குறிப்பின் அந்தப் பகுதியை அதிலேயே பொறித்திருக்கிறார்கள். அருங்காட்சியகம் 2022 இறுதியில் மூடப்பட்டது. அதன் பெயரை வைத்து வழி தேடினால் வேறிடம் காட்டக்கூடும்.

இரண்டாம் நாள்: ஆக்ஸ்ஃபோர்ட்

பேடிங்டனிலிருந்து ஒரு மணி நேரம். நேரே ஹை ஸ்ட்ரீட்டில் புனித மரியாள் ஆலயத்துக்குப் போங்கள். பல்கலைக்கழகப் பிரசங்கங்கள் நடந்த இடம்.

1746 தொகுதியின் முதல் நான்கு பிரசங்கங்களும் இந்த ஒரே கூரையின் கீழ் ஒலித்தவை. முதலாவது 1738 ஜூன் 11, ஆல்டர்ஸ்கேட் அனுபவத்துக்கு 18 நாள் கழித்து. ஆதாரம் எபேசியர் 2:8. இரண்டாவது 1741 ஜூலை 25, அப்போஸ்தலர் 26:28. ஆங்கிலத் தலைப்பு 'ஆல்மோஸ்ட் கிறிஸ்டியன்'. நம் வேதாகமத்தில் அகிரிப்பா பவுலிடம் 'நான் கிறிஸ்தவனாகிறதற்குக் கொஞ்சங்குறைய' என்று சொல்கிறான் அல்லவா, அந்தக் 'கொஞ்சங்குறைய' என்ற சொல்லையே தலைப்பாக வைத்தால் பிரசங்கம் முழுதும் அதிலேயே அடங்கிவிடும். மூன்றாவதைப் பிரசங்கித்தவரும் எழுதியவரும் சார்ல்ஸ், 1742 ஏப்ரல் 4. தம்பியின் பிரசங்கத்தைத் தம் தொகுதியில் சேர்த்ததற்குக் காரணம் அது தம் கருத்தோடு ஒன்றியிருந்ததுதான்.

நான்காவது 1744 ஆகஸ்ட் 24, அப்போஸ்தலர் 4:31. அன்று நேரம் ஒதுக்கி அமர்ந்து, நான்கையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். நான்காவதின் முதல் மூன்று பகுதிகளும் கிறிஸ்தவம் தனிமனிதரில் தொடங்குவது, பிறருக்குப் பரவுவது, உலகை நிரப்புவது என்று அமைதியாகவே போகும். கடைசிப் பகுதியில் திடீரென்று கேட்போர் பக்கம் திரும்புகிறார். இது கிறிஸ்தவ நகரமா, இங்குள்ள தலைவர்களும் ஆசிரியர்களும் பரிசுத்த ஆவியினால் நிரம்பியவர்களா, இளைஞர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேள்விமேல் கேள்வி. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்தத் தலைவர்களும் ஆசிரியர்களும்தான். ஆலயத்தை நேரில் கண்டால்தான் அந்தக் கேள்விகளின் துணிச்சல் உறைக்கும். முடிந்ததும் துணைவேந்தர் சேவகனை அனுப்பிப் பிரசங்கத் தாளைக் கேட்டார். வெஸ்லி தாமதிக்காமல் கொடுத்தனுப்பினார். அதன்பிறகு அந்தப் பீடத்தில் அவர் ஏறவே இல்லை. இப்போது நிற்கும் பீடம் 19ஆம் நூற்றாண்டினது. படம் எடுத்து 'வெஸ்லி நின்ற பீடம்' என்று போட்டுவிடாதீர்கள்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் எழுதிவைத்துத்தான் வாசிப்பார்கள். ஆகவே இந்த நான்கில் அச்சில் இருப்பது ஏறக்குறைய பீடத்தில் ஒலித்தது. தொகுதியின் மற்றப் பிரசங்கங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. நாளைக்குப் பிரிஸ்டலில் அது தெளிவாகும்.

டர்ல் ஸ்ட்ரீட்டில் லிங்கன் கல்லூரி. 1726இல் வெஸ்லி ஃபெலோ, அதாவது கல்லூரியின் ஆசிரிய உறுப்பினர், ஆனது இங்கே, 1751இல் திருமணத்தை ஒட்டி அதை விட்டார். அவர் பெயரில் ஓர் அறையை 1928இல் அமெரிக்க மெதடிஸ்டுகள் மரப்பலகை வேலையோடு சீரமைத்துத் தந்தார்கள். கல்லூரிகள் தேர்வுக் காலத்தில் பார்வையாளர்களை விடுவதில்லை. வாயிற்காப்பாளர் அறையில் கேட்டுக்கொண்டு உள்ளே போகவும். பட்டம் பயின்ற கிறைஸ்ட் சர்ச்சுக்குக் கட்டணமும் கூட்டமும் உண்டு. நேரம் குறைவென்றால் அதை விட்டுவிடலாம்.

மூன்றாம் நாள்: பிரிஸ்டல்

டிட்காட்டில் மாறி பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ். அங்கிருந்து பிராட்மீட் கடைத்தெரு நடக்கும் தூரம். கடைகளுக்கு நடுவே ஒடுங்கிய முற்றம், குதிரைமேல் வெஸ்லியின் சிலை, அதற்குப் பின்னே 'நியூ ரூம்'. 1739 மே 12இல் அடிக்கல் போட்டு 1748இல் விரிவாக்கிய, உலகின் மிகப் பழைய மெதடிஸ்ட் கட்டடம். பிராட்மீட், ஹார்ஸ்ஃபேர் என்று இரண்டு தெருக்களிலும் வாசல் இருக்கிறது.

கூடத்தின் கீழ்ச்சுவர்களில் ஜன்னல் இல்லாததைக் கவனியுங்கள். வெளிச்சம் மேலே எண்கோண வடிவக் கண்ணாடிக் கூண்டிலிருந்து இறங்குகிறது. இரண்டடுக்குப் பிரசங்கபீடம். மாடியில் பயணப் பிரசங்கிகளின் அறைகள். அங்குள்ள ஜன்னல் வழியே கீழே பீடத்தில் நிற்பவரைப் பார்க்கலாம், கேட்கலாம்.

1739 ஏப்ரல் 2 மாலை நான்கு மணிக்கு ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் ஏறி, ஏறத்தாழ 3000 பேருக்கு வெஸ்லி திறந்தவெளியில் பிரசங்கித்தார். வசனம் லூக்கா 4:18, 'தரித்திரருக்குச் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கும்படி'. ஆலயத்துக்கு வெளியே ஆத்துமாக்களை இரட்சிப்பது பாவமோ என்று அதுவரை எண்ணியவர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கூடிய கிங்ஸ்வுட், ஹானம் மேடு எல்லாம் இங்கிருந்து பேருந்தில் போகலாம். இப்போது ஏப்ரல் 2 பிரசங்கத்தை உங்கள் தொகுதியில் தேடுங்கள். கிடைக்காது. அவர் தாள் இல்லாமல் பேசுபவர். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை பேசுவார். கேட்டவர்கள் அழுததும் விழுந்ததும் அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது, பேசிய சொற்கள் இல்லை. அச்சிட்ட பிரசங்கங்களை அவர் லூயிஷம் போன்ற ஒதுக்கிடங்களில் உட்கார்ந்து, பிரசங்கிகளும் வீட்டில் வாசிப்பவர்களும் பாடமாகக் கொள்ளத் தனியாக எழுதினார். எண்ணிட்ட பத்திகள், ஒன்று, இரண்டு என்று பிரியும் வாதம் எல்லாம் அதனால் வந்தவை. அச்சைப் படித்து 'இதற்கா மூவாயிரம் பேர் கூடினார்கள்' என்று சலிக்கிறவர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள்.

இங்கே வாசிக்க 'ஃப்ரீ கிரேஸ்', இலவசக் கிருபை. 1739இல் பிரிஸ்டலிலேயே பேசி அச்சிட்டது. நண்பரும் சக பிரசங்கியுமான ஜார்ஜ் விட்ஃபீல்டோடு பிளவு உண்டாக்கிய பிரசங்கம். யார் இரட்சிக்கப்படுவார் என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்னும் முன்குறித்தல் கொள்கை, கடவுளைப் பிசாசைவிடக் கொடியவராகக் காட்டுகிறது என்ற அளவுக்கு அதில் போகிறார். தம் தொகுதிகள் எதிலும் வெஸ்லி இதைச் சேர்க்கவில்லை. அதனால் 44இலும் கிடைக்காது, 53இலும் கிடைக்காது. ஜாக்சனில் 128, அவுட்லரில் 110. விட்ஃபீல்ட் 1770இல் இறந்தபோது நினைவுப் பிரசங்கம் செய்தவரும் வெஸ்லியே. அது 53ஆவது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் முப்பது வருட நட்பின் இரு முனைகளும் தெரியும்.

1771–74இல் 32 தொகுதிகளாக அவருடைய நூல்திரட்டை அச்சிட்ட வில்லியம் பைனும் பிரிஸ்டல்காரர். அச்சுப்பிழைகள் மலிந்த பதிப்பு. ஆனால் அதில் ஒரு பயன் இருக்கிறது. முக்கியமென்று தாம் கருதிய பத்திகளுக்கு முன்னால் வெஸ்லியே குறியிட்டிருக்கிறார்.

நான்காம் நாள்: மான்செஸ்டர்

பிரிஸ்டலிலிருந்து நேரடி ரயில், ஏறத்தாழ மூன்று மணி நேரம். டீன்ஸ்கேட்டில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகம். மெதடிஸ்ட் ஆவணக் காப்பகம் 1977 முதல் இங்கேதான் இருக்கிறது. கட்டடத்தைச் சுற்றிப்பார்க்கக் கட்டணம் இல்லை. கையெழுத்துப் படிகளைப் பார்க்க மட்டும் முன்பதிவு வேண்டும். அடையாள அட்டை அவசியம். பென்சில் கொண்டுபோங்கள், பேனாவுக்கு அனுமதி இல்லை. எந்தப் படி வேண்டும் என்று பட்டியல் எண்ணோடு முன்னரே கேட்டிராவிட்டால் அன்று எடுத்துத் தர மாட்டார்கள்.

எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். வெஸ்லியின் அன்றாடக் குறிப்பேடுகள் குழூஉக்குறியும் சுருக்கங்களும் நிறைந்தவை. பிற்பாடு ஜான் பைரம் வகுத்த சுருக்கெழுத்தும் சேர்ந்துகொண்டது. ஆய்வாளர் ரிச்சர்ட் ஹைட்சன்ரேட்டர் பல ஆண்டு உழைத்து அவற்றை விளங்கச் செய்தார். அச்சிட்ட நாட்குறிப்பு இதிலிருந்து வேறு. அது ஊருக்குச் சொல்ல வெஸ்லி தாமே தொகுத்தது. குறிப்பேட்டின் ஒரு வரி, அச்சில் ஒரு பக்கமாக விரிந்திருக்கும். வெஸ்லியைப் பற்றி எழுதுபவர்கள் எதிலிருந்து எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு எடுப்பது நல்லது.

ஐந்தாம் நாள்: எப்வொர்த்

மான்செஸ்டரிலிருந்து டான்காஸ்டருக்கு ரயில், பிறகு பேருந்து. பேருந்துகள் குறைவு, ஞாயிறன்று இன்னும் குறைவு. திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு ஏறுங்கள். வெஸ்லி வளர்ந்த பழைய குருமனை குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

முதலில் மேட்டின்மேல் உள்ள புனித அந்திரேயா ஆலயம். தெற்குச் சுவரருகே, இந்த ஊரின் குருவாயிருந்த தந்தை சாமுவேல் வெஸ்லியின் கல்லறை. 1742 ஜூன் 6 ஞாயிறன்று, உதவிகுரு பீடத்தைத் தர மறுத்ததால், மாலை ஆறு மணிக்கு இந்தக் கல்மேல் நின்று வெஸ்லி பிரசங்கித்தார். வசனம் ரோமர் 14:17, 'தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல'. அந்த வாரம் முழுவதும் மாலைகளில் அங்கேயே தொடர்ந்தார். அன்றைய பேச்சும் அப்படியே அச்சாகவில்லை. ஆனால் 1746 தொகுதியின் ஏழாவது பிரசங்கத்தைத் திறந்து பாருங்கள். ஆதாரமாக மாற்கு 1:15ஐப் போட்டிருப்பார். உள்ளே முதல் பாதி முழுதும் ரோமர் 14:17இன் விளக்கம்தான். நீதி, சமாதானம், சந்தோஷம் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொல்வார். கல்லறையில் ஒலித்த குரலுக்கு அச்சில் நாம் நெருங்கக்கூடிய இடம் இதுவே. அந்தக் கல்லின் பக்கத்தில் நின்று, வாய்விட்டு வாசிக்க வேண்டிய பிரசங்கம்.

குருமனை சிறிது நடை. 1709 பிப்ரவரி 9 இரவு எரிந்து, அதே ஆண்டு செங்கல்லால் எழுப்பிய வீடு. தீயில் மாடியில் சிக்கிய ஐந்து வயது ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி ஜன்னல் வழியே இறக்கினார்கள். சகரியா 3:2இல் வரும் 'அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி' என்பதைத் தம்மைப் பற்றியே அவர் சொல்லிக்கொண்டது அதனால். கூரையறையில் பேய் நடமாடியதாகச் சொல்லப்படும் 1716–17 சம்பவத்துக்கு வழிகாட்டிகள் நிறைய நேரம் கொடுக்கிறார்கள். அப்போது ஜான் லண்டனில் பள்ளியில் இருந்தான்.

நேரத்தைச் சமையலறையில் செலவிடுங்கள். 1711–12 குளிர்காலத்தில் சாமுவேல் லண்டன் போயிருந்தார். சூசன்னா ஞாயிறு மாலையில் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஜெபமும் பிரசங்க வாசிப்பும் நடத்த, அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி இருநூறு பேருக்கு மேல் ஆனது. உதவிகுரு புகார் எழுதினார். 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய பதிலில், இதற்குத் தம்மைத் தூண்டியது எது என்று சூசன்னா சொல்கிறார். மகள் எமிலி தந்தையின் படிப்பறையில் டேனிஷ் மிஷனரிகளின் வரலாறு ஒன்றைக் கண்டெடுத்து வாசித்துக் காட்டினாள், அதைக் கேட்டு நெஞ்சம் நிறைந்தது, பல நாள் வேறெதையும் அதிகம் நினைக்கவோ பேசவோ முடியவில்லை என்கிறார். அந்த மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சாவும். வந்திறங்கியது 1706 ஜூலையில், நம் தரங்கம்பாடியில். தமிழ் படித்துத் தமிழருக்குப் பிரசங்கித்த அவர்களுடைய கடிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்புத்தான் எமிலியின் கையில் கிடைத்தது.

அதை வாசித்தபின் சூசன்னா செய்த முதல் ஏற்பாடு, ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனியாகப் பேசுவது. திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வெள்ளி பாட்டி, சனி சார்ல்ஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும். வியாழன் எட்டு வயது ஜாக்கிக்கு, அதாவது ஜானுக்கு. இருபது வருடம் கழித்து லிங்கன் கல்லூரியிலிருந்து அந்த ஜாக்கி தாய்க்கு எழுதினார்: அப்போது எனக்காகச் செலவிட்ட வியாழன் மாலையில் கொஞ்சத்தை இப்போதும் எனக்காக ஒதுக்க முடியுமா?